இரண்டாம் கேட்டில் நின்ற கதை

போன மாதம் எங்கள் தூத்துக்குடியில் ஆடியோ கதைகள் தயாரிக்கும் பிள்ளைகள் சிலர் ஒரு பயிலரங்கம் நடத்தினார்கள். பத்திரிகையில் கதைப் பகுதி பார்த்து ஓய்வு பெற்றவள் என்று யாரோ என்னைக் கைகாட்டிவிட, என்னையும் அழைத்து, பொன்னாடை போர்த்தி, முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். பொன்னாடையின் ஜரிகை கழுத்தில் குத்தியது. ஏற்கெனவே எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். அன்று அதற்கு நல்ல வசதி செய்து கொடுத்துவிட்டார்கள்.

ஒரு பெண் எழுந்து கேட்டாள்: "மேடம், எழுத ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே ஒரு ஐடியா தேறுமா தேறாதான்னு நீங்க எப்பிடிப் பாப்பீங்க? நாங்க ஆப்ல போட்டுருவோம். அதுவே மார்க் குடுத்துரும்."

"உன் ஐடியாவுக்கு என்ன மார்க் வந்துச்சு?"

"எண்பத்தாறு மேடம்."

"சந்தோஷம். யாராவது பைக்கை ஸ்டார்ட் பண்ணாம நின்னாங்களா?"

பாவம், வயசாயிட்டு என்கிற பார்வை அரங்கம் முழுவதும் பரவியது. விளக்கம் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் டீயும் சமோசாவும் வந்துவிட்டன. சமோசாவோடு போட்டி போட என்னால் முடியாது. அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதிவிடுகிறேன்.

நான் வேலை பார்த்தது குடும்பங்களுக்கான ஒரு மாத இதழில். பெயர் வேண்டாம், இப்போது அது இல்லை. அலுவலகம் ஒரு பேக்கரியின் மாடியில் இருந்தது. கீழே அடுப்பு, மேலே நாங்கள். சித்திரை, வைகாசியில் கீழே வேகிற பிஸ்கட்டுக்கும் எங்களுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. நாசரேத்தில் வளர்ந்து, தமிழில் எம்.ஏ. முடித்து, கதை என்றால் எனக்குத் தெரியாததா என்ற நினைப்போடு அந்தப் படிகளில் ஏறினேன். புரூஃப் பார்ப்பது, முகவரி ஒட்டுவது, வாசகர் கடிதங்களில் எங்களைத் திட்டி வந்தவற்றை மட்டும் பிரித்து ஒளித்து வைப்பது என்று முதல் சில வருடங்கள் ஓடிவிட்டன. அதையெல்லாம் சொல்லி உங்களை அறுக்கப் போவதில்லை.

ஆசிரியர் மச்சாது சார். கடற்கரைக் கத்தோலிக்கக் குடும்பம். தாத்தா முத்துக் குளித்தவர், அப்பா கப்பலில் போனவர். இவருக்கு மட்டும் கடல் ஆகாது. பனிமய மாதா திருவிழாவுக்குப் படகில் ஒரு சுற்றுப் போகலாம் என்று யாராவது கூப்பிட்டால், கூப்பிட்டவரோடு ஒரு வாரம் பேச மாட்டார்.

அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. கதையை யாரும் எழுதிக்கொண்டு வரக் கூடாது. முதலில் ஐடியாவை வாயால் சொல்ல வேண்டும். "எழுதிட்டு வந்தா பேப்பர் மேல பாசம் வந்துரும். பெறவு நாம ஒரு குத்தம் சொன்னா, பெத்த புள்ளைய அடிச்சாப்ல அழுவாங்க. கரு புடிக்கும்போதே சொல்லிருவோம்" என்பார்.

சொல்ல வந்தவரை எதிர் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். பேனா மூடி காதுக்குள் போகும். மூடி சுற்றிக்கொண்டிருக்கும்வரை அந்த ஐடியாவுக்கு உயிர் இருக்கிறது என்று அர்த்தம். மூடியை வெளியே எடுத்து, சட்டையில் துடைத்து, பேனாவில் மாட்டிவிட்டார் என்றால் தீர்ந்தது. எதிரே இருப்பவருக்கு அது தெரியாது. அவர் பாட்டுக்கு உச்சக்கட்டத்தைச் சொல்லிக்கொண்டிருப்பார். எனக்குத் தெரியும். அடுத்த ஆளைக் கூப்பிடப் போய்விடுவேன்.

மூடி மாட்டப்படாமல் தப்பித்த ஐடியாவுக்கு ஒரு கேள்வி வரும். "இதுல யாருக்கு என்ன வேணும்?" பதில் சொன்னால் அடுத்தது: "அது கெடைக்கலன்னு வைங்க. மறுநாள் காலையில அவனுக்கு இட்லி எறங்குமா?"

இறங்கும் என்றால் கதை இல்லை. அவ்வளவுதான் அவருடைய இலக்கிய விமர்சனம். எம்.ஏ. படித்த எனக்கு இது முதலில் அருவருப்பாகவே இருந்தது. ஆனால் வேலை செய்தது. ஊழலை ஒழிக்கத் துடிக்கும் ஓர் இளைஞனைப் பற்றி ஒருவர் மேசையைத் தட்டித் தட்டிச் சொன்னார். "ஊழல் ஒழியல. மறுநாள் இட்லி?" என்று சார் கேட்டார். அந்த மனிதர் வெகுநேரம் யோசித்துவிட்டு, நேர்மையான ஆள், "எறங்கிரும் சார்" என்று சொல்லிவிட்டு எழுந்துபோனார். இன்னொருவர், தன் கதாநாயகன் காலையில் தோசைதான் சாப்பிடுவான் என்று வாதாடிப் பார்த்தார்.

இதிலும் தப்பித்த ஐடியா இரண்டாம் கேட்டுக்குப் போகும்.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊருக்கு நடுவே ரயில் பாதை போகிறது, அது ரோட்டைக் கடக்கிற இடங்களில் ஒன்றுதான் இரண்டாம் கேட். ஸ்டேஷன் பக்கத்திலேயே இருப்பதால் கேட்டை அடைத்தால் லேசில் திறக்க மாட்டார்கள். வண்டி போகும். திறப்பார்கள் என்று நினைப்போம். இன்ஜின் மட்டும் தனியாக அந்தப் பக்கம் போகும். அப்புறம் என்னத்தையோ மறந்துவிட்டதுபோல் அதே இன்ஜின் திரும்பி வரும். அதுவரை பைக், ஆட்டோ, உப்பு லாரி, ஸ்கூல் வேன் எல்லாம் காத்துக் கிடக்கும். சாரின் ஸ்கூட்டரும் தினம் அங்கே நிற்கும். அங்கே நின்ற ஒரு நாளில்தான் அவருக்கு இந்த யோசனை பிறந்தது. "நம்ம பத்திரிகைய வாங்குதவன் பூரா இங்கனதான் நிக்கான். இவங்கிட்ட சொல்லிப் பாக்காம எங்கிட்டச் சொல்லி என்ன பிரயோசனம்?"

முறை இதுதான். எழுதப் போகிறவர் கேட்டில் நிற்கும் முன்பின் தெரியாத ஓர் ஆளிடம் தன் ஐடியாவைச் சொல்ல வேண்டும். கதை என்று சொல்லக் கூடாது. ஊரில் நடந்ததுபோல் சொல்ல வேண்டும். கேட் திறந்ததும் அந்த ஆள் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டால் ஐடியா நிற்கவில்லை. திறந்த பிறகும் போகாமல், "பெறவு?" என்று கேட்டால் நின்றுவிட்டது, போய் எழுதலாம். நானோ சாரோ கொஞ்சம் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருப்போம்.

நானும் ஒரு முறை எழுத ஆசைப்பட்டேன். கப்பலுக்குப் போன கணவனை நினைத்து ஒரு பெண் கடலைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். சாரிடம் சொன்னேன்.

"பாத்துக்கிட்டே இருந்துட்டு?"

"பாத்துக்கிட்டே இருக்கா சார்."

"ஏளா, கப்பக்காரன் பொண்டாட்டிக்குக் கடலைப் பாக்க ஏது நேரம்? கேஸ்காரன் வந்து நிப்பான். புள்ளைக்கு டியூஷன் இருக்கும். நீ அப்பிடி ஒரு வீட்டுலயாவது போயி ஒரு நாள் இருந்து பாத்தியா?"

பேனா மூடி எப்போதோ பேனாவில் ஏறியிருந்தது. ஆனாலும் நான் விடவில்லை. ரோஷத்தோடு கேட்டுக்குப் போனேன். ஏரல் சந்தைக்குப் போய்விட்டு வாழைத்தாரோடு ஆட்டோவில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாவிடம் உருக்கமாகச் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டார். "அவளுக்கு மாமியா இல்லியாக்கும்" என்றார். கேட் திறந்தது, ஆட்டோ போய்விட்டது. அத்தோடு கதை எழுதும் ஆசையை ஓரமாக வைத்துவிட்டு, பிறர் ஐடியாக்களில் குற்றம் கண்டுபிடிக்கும் வேலையில் முழு மனதோடு இறங்கினேன். அது எனக்கு நன்றாக வந்தது.

இந்த முறையில் ஒரே ஒரு தடவைதான் பெரிய வில்லங்கம் வந்தது. ஆத்தூரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த தங்கப்பாண்டி அண்ணாச்சி மாதா மாதம் ஐடியாவோடு வருவார். சாருக்கு ஒரு கவுளி வெற்றிலையும் வரும். அவருடைய ஐடியாக்கள் எல்லாம் பிரமாதமாகத் தொடங்கும். அண்ணன் தம்பிச் சண்டை, அரிவாள், ஆஸ்பத்திரி, போலீஸ் என்று ஓடும். கடைசியில் முழித்துப் பார்த்தால் கனவு. எந்தக் கதையானாலும் கனவு. "வேற முடிவு யோசிங்களேன் அண்ணாச்சி" என்றால், "கனவுன்னா யாருக்கும் மனக்கஷ்டம் இல்ல பாரும்மா" என்பார். நல்ல மனசு.

ஒரு நாள் அந்த அண்ணன் தம்பிக் கதையைக் கேட்டில் ஒரு உப்பு லாரி டிரைவரிடம் சொன்னார். டிரைவர் இன்ஜினை அணைத்தார். பிறகு கீழேயே இறங்கிவிட்டார். கேட் திறந்தது. அண்ணாச்சி, "முழிச்சுப் பாத்தா எல்லாம் கனவு" என்று முடித்தார்.

டிரைவர் நகரவில்லை. "அப்ப அந்தத் தம்பிக்காரன் என்ன ஆனான்?"

"அவன் இல்ல. கனவுல்லா."

"இல்லன்னா எப்பிடி? ஆஸ்பத்திரில சேத்தாங்கன்னு நீருதான சொன்னீரு?"

"சேத்தது கனவுல."

"ஓய், நான் பாட்டுக்கு செவனேன்னு நின்னவன். நீரா வந்து சொன்னீரு. எனக்கும் ஒரு தம்பி இருக்கான். அவன் பொழைச்சானா இல்லியான்னு சொல்லிட்டுப் போம்."

பின்னால் ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. போக்குவரத்துக் காவலர் ஓடி வந்தார். அவரிடமும் டிரைவர் முதலிலிருந்து சொல்லத் தொடங்க, ரயில்வே பணியாளர் தலையில் அடித்துக்கொண்டு மறுபடியும் கேட்டை அடைத்துவிட்டார், அடுத்த வண்டி வந்துவிட்டது. கடைசியில் தம்பி பிழைத்துக்கொண்டான் என்று காவலர் முன்னிலையில் அண்ணாச்சி உறுதி கொடுத்த பிறகே லாரி போயிற்று.

அண்ணாச்சிக்கு வாயெல்லாம் பல். தன் கதை நின்றுவிட்டது, இவ்வளவு நேரம் எந்தக் கதையும் நின்றதில்லை என்று சாரிடம் வந்து வாதாடினார். சார் வெற்றிலையைத் தடவிக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்: "அவன் நின்னது கோவத்துல. கோவத்துக்கு மார்க் கெடையாது." ஆனால் தம்பி பிழைக்கிற முடிவை எழுதச் சொன்னார். அண்ணாச்சியின் பெயரில் அச்சான ஒரே கதை அது.

இனிதான் நான் சொல்ல வந்த விஷயம். சில வருடங்களுக்கு முன்னால் முதலாளி ஒரு நாள் மாடிக்கு வந்தார். இனிமேல் இதழை நடத்த முடியாது, அடுத்தது கடைசி இதழ் என்றார். எல்லோரும் போனில் படிக்கிறார்கள் என்பது எங்களுக்கும் தெரியும். நாங்கள் அழவில்லை. கீழேயிருந்து பன் வாங்கிச் சாப்பிட்டோம். இதழ் ஓய்வு பெறுவதால் நாங்களும் ஓய்வு பெறுகிறோம், அவ்வளவுதான். சாருக்கு அந்த வயது தாண்டி வெகு காலம் ஆகியிருந்தது.

எல்லோரும் போன பிறகு சார் என் மேசைக்கு வந்தார். ஏதோ கடன் கேட்க வந்தவர்போல் நின்றார்.

"ஜெபா, கடைசி இதழ்ல கதைக்கு ஒரு பக்கம் இருக்குல்லா?"

"இருக்கு சார்."

"நான் ஒண்ணு எழுதலாம்னு பாக்கேன்." கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "எல்லாரு பேரையும் கதைக்குக் கீழ போட்டாச்சு. ஒரு தடவ எம்பேரு வரணும்ளா. இத விட்டா இனி எங்க?"

இத்தனை வருடத்தில் அவர் தனக்காக எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. "உங்க பத்திரிகை சார், எழுதுங்க" என்றேன். அவருக்கு வந்ததே கோபம்.

"எனக்கு மட்டும் தனிச் சட்டமா? உக்காரு என் நாக்காலில. கண்ண மூடு."

மூடினேன். காது குடைய எனக்குக் கூச்சமாக இருந்ததால் அதை விட்டுவிட்டேன். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து மச்சாது சார் தன் ஐடியாவைச் சொன்னார். முத்துச் சலாபம் என்று கடலில் முத்துக் குளிப்பு நடந்த அந்தக் காலம். ஒரு முத்துக்குளிக்காரன். போர்த்துக்கீசியக் கப்பல். கப்பல் தலைவன் கப்பித்தானின் மகள். பெரிய முத்து ஒன்று. சுறாவும் இருந்தது. கையில் பேனா மூடி இருந்திருந்தால் நான் எப்போதோ மாட்டியிருப்பேன்.

வேறு வழியில்லாமல் கேட்டேன். "யாருக்கு என்ன வேணும் சார்?"

"அவனுக்கு அந்த முத்து வேணும்."

"கெடைக்கலன்னா, மறுநாள் இட்லி எறங்குமா?"

"அந்தக் காலத்துல ஏது இட்லி. கஞ்சிதான்."

"கஞ்சி எறங்குமா சார்?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "எறங்கும்" என்றார்.

சட்டப்படி அங்கேயே முடிந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. "நீங்க சொல்ற விதத்துல ஒருவேள நிக்கும் சார், கேட்டுக்குப் போவோம்" என்றேன். அந்த முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்திருந்தால் நீங்களும் அப்படித்தான் சொல்லியிருப்பீர்கள்.

கேட் அடைத்திருந்தது. பைக்கில் நின்ற ஓர் இளைஞனிடம் சார் சொல்லத் தொடங்கினார். அவன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான். கப்பல் வந்தது, தலை ஆடியது. சுறா வந்தது, தலை இன்னும் வேகமாக ஆடியது. நான் தள்ளி நின்று மாதாவிடமே வேண்டிக்கொண்டேன். நாங்கள் புராட்டஸ்டன்ட், எங்கள் சபையில் அந்த வழக்கம் இல்லை, இருந்தாலும் அவசரத்துக்குப் பாவம் இல்லை. கேட் ஏறியது. பையன் காதிலிருந்து எதையோ கழற்றினான். "என்ன அங்கிள், வழி கேட்டீங்களா? நேராப் போனா பஸ் ஸ்டாண்ட்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. சார் ஸ்கூட்டர் பக்கத்தில் வந்து நின்றார். "நிக்கல" என்றார். கொஞ்ச தூரம் வண்டியைத் தள்ளிக்கொண்டே நடந்தார். "அந்தப் பக்கத்துக்கு விளம்பரம் ஏதாவது பாத்துக்கோ ஜெபா."

மறுநாள் காலையில் சாரின் மனைவி பிலோமி அக்கா போன் செய்தார். "ஏளா, நேத்து இந்த மனுசன என்ன செஞ்சிய? ராத்திரியும் ஒண்ணும் தொடல. இப்ப இட்லிய வச்சு, சாம்பார ஊத்தி, சாம்பாரு ஆறி, சட்னி வச்சு, அதுவும் காஞ்சு போச்சு. கண்ணால பாத்துக்கிட்டே இருக்காரு. எறங்கல."

எனக்குப் பாவமாக இருந்தது. ஆனால் வேலைப் பழக்கம் பொல்லாதது. எறங்கல என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு ஆட்டோ பிடித்தேன்.

சார் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தார். அக்கா சொன்னதில் கொஞ்சமும் மிகை இல்லை. "சார், ஒரு ஐடியா" என்றேன். பழக்கதோஷம், அவர் கண் தானாக மூடிக்கொண்டது. கை பேனாவைத் தேடிற்று.

"ஒரு பத்திரிகைக்காரர் சார். வாழ்நாள் பூரா அடுத்தவங்க கதைய நிக்கும், நிக்காதுன்னு சொன்னவரு. கடைசி இதழ்ல ஒரே ஒரு கதை தன் பேருல வரணும்னு ஆசைப்படுதாரு. தன் சட்டத்தையே தனக்கும் வச்சு, கேட்டுல போயித் தோத்துட்டு வாராரு."

மூடி சுற்றிக்கொண்டிருந்தது. "யாருக்கு என்ன வேணும்?"

"அவருக்கு ஒரு கதை வேணும்."

"கெடைக்கலன்னா? மறுநாள்…"

"அதான் காலையிலருந்து எறங்கலியே" என்றது அடுப்படியிலிருந்து பிலோமி அக்காவின் குரல்.

சார் கண்ணைத் திறந்தார். முன்னால் இருந்த இட்லியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு எழுந்து சட்டையை மாட்டினார். "வீட்டுக்குள்ள சொன்னா செல்லாது. கேட்டுக்கு வா."

அன்று கேட் அடைத்துக்கிடந்தது. வேம்பாரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கிய ஓர் அம்மா கருவாட்டுக் கூடையோடு நின்றார். நடந்து போகிறவர்கள் குனிந்து நுழைந்து போய்க்கொண்டிருந்தார்கள். கூடை தலையில் இருந்ததால் அவரால் குனிய முடியவில்லை, அந்த எரிச்சல் முகத்தில் இருந்தது. சார் நேராக அவரிடம் போனார்.

"யம்மா, எங்க தெருவுல ஒரு பத்திரிகைக்காரரு…"

"அவருக்கு என்ன கேடு?"

சார் சொன்னார். முத்துக்குளிக்காரனைச் சொன்னபோது இருந்த அலங்காரம் எதுவும் இல்லை. தங்கப்பாண்டி அண்ணாச்சியின் கதையில் வந்த தம்பியைச் சொன்னார். தலையை ஆட்டிய பையனைச் சொன்னார். பக்கத்து பைக்கில் இருந்தவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். இன்ஜின் தனியாகப் போனது. திரும்பி வந்தது. இட்லி காய்ந்து கிடந்ததைச் சொல்லும்போது கேட் ஏறியது.

யாரும் வண்டியைக் கிளப்பவில்லை.

"பெறவு?" என்றார் கருவாட்டுக்கார அம்மா. "எழுதினாரா இல்லியா அந்த மனுசன்?"

பின்னால் ஹாரன் அடிக்கத் தொடங்கியிருந்தது. சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். கண்ணில் நீர் நிறைந்திருந்தது, எனக்கும்தான்.

"இன்னும் எழுதலம்மா" என்றார்.

அந்த அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. "அப்ப இங்கன வந்து வழிய மறிச்சுக்கிட்டு ஏன்யா நிக்கீரு? போயி எழுதும்" என்று சொல்லிவிட்டுத் தண்டவாளத்தைக் கடந்து போனார்.

அந்தக் கதை கடைசி இதழில், கீழே மச்சாது சாரின் பெயரோடு வந்தது. விளம்பரம் தேட வேண்டிய அவசியம் எனக்கு இருக்கவில்லை. அதெல்லாம் பிறகு. கேட்டுக்குப் போன மறுநாள் காலையில் நான் மனசு கேட்காமல் பிலோமி அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, இன்னைக்காவது சாருக்கு இட்லி எறங்குச்சா?"

"எங்க எறங்க. விடியக்காலம் புடிச்சு எழுதிக்கிட்டுல்லா இருக்காரு. சாப்புட வாங்கன்னு கூப்ட்டா, யாருக்கு என்ன வேணும்னு எங்கிட்டயே கேக்காரு. ஒரு சட்டி இட்லி அப்படியே கெடக்கு. நீயாவது வந்து தின்னுட்டுப் போளா."

போனேன். உள் அறையில் சார் தலையைத் தூக்காமல் எழுதிக்கொண்டிருந்தார். நான் அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். எனக்கு நன்றாக இறங்கியது.